ஆண்ட்ரோமகியின் செல்கள்

பெரியம்மா மகளின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'சி.ஐ.என். 2' என்று இருந்தது. புற்றுநோய் இரண்டாம் கட்டம் என்று நினைத்து வீடே இடிந்துபோனது. என் கண் அதற்கடுத்த வரியில்தான் நின்றது: ஊடுருவல் இல்லை.

கர்ப்பப்பை வாயின் மேற்படலத்தில் செல்கள் அடியில் பிறக்கும். மேலேறும்போது தட்டையாகி, உட்கரு சுருங்கி, உதிர்ந்துவிடும். எச்.பி.வி. வைரஸ் போகாமல் தங்கிவிட்டால் இந்த ஒழுங்கு கெடுகிறது. பெருத்துக் கறுத்த உட்கருவோடு, முதிராத செல்களே மேலேறத் தொடங்குகின்றன. இந்த மாற்றத்தைத்தான் சி.ஐ.என். என்கிறார்கள். அடி மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் 1, இரண்டு பங்குவரை வந்தால் 2, அதையும் தாண்டினால் 3. மேல்நோக்கி மட்டுமே ஏறிக்கொண்டிருக்கும்வரை அது புற்றுநோய் அல்ல. அடிச்சவ்வைத் துளைத்துக் கீழே இறங்கினால்தான் புற்று. 1 பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். 3-ஐ விட்டுவைக்கக் கூடாது. ஆனால், அதுவும் புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும்.

இந்த அவகாசத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தவர்களில் ஆண்ட்ரோமகியை நான் முதலில் வைப்பேன். 1913இல் கணவர் ஜார்ஜ் பாப்பனிகோலாவோடு கிரீஸிலிருந்து நியூயார்க்கில் வந்து இறங்கியவர். பிழைப்புக்குக் கடையில் பட்டன் தைத்தார். பிறகு, கணவரின் ஆய்வுக்கூடத்தில் சம்பளமில்லாத உதவியாளர். கினிப் பன்றிகளின் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஜார்ஜ், மனிதச் செல்லுக்கு வந்தபோது மாதிரி கொடுத்தவர் இவர்தான். ஒருநாள் இருநாள் அல்ல, இருபது ஆண்டுக்கு மேல். நோயில்லாத செல் மாதவிடாய்ச் சுழற்சியின் ஒவ்வொரு நாளிலும் எப்படி இருக்கும் என்று அவருடைய உடம்புதான் சொல்லிக்கொடுத்தது. அது தெரிந்தால்தானே மாறிய செல்லை அடையாளம் காண முடியும்? தடவியெடுத்த செல்களிலேயே புற்றைக் காணலாம் என்ற தன் கண்டுபிடிப்பை 1928இல் ஜார்ஜ் சொன்னபோது மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. 1943இல் ஹெர்பர்ட் டிராட்டோடு சேர்ந்து எழுதிய நூல் வந்த பிறகே, அவர் பெயரால் 'பாப் சோதனை' எனப்படும் இந்த முறை பரவியது. நூலாசிரியர்களாக இரண்டு ஆண்களின் பெயர்கள். ஆண்ட்ரோமகியின் பெயரும் அங்கே இருந்திருக்க வேண்டும்.

நுண்ணோக்கி இல்லாத ஊரிலும் இந்த அவகாசத்தைப் பயன்படுத்தலாம். கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவினால், மாறிய செல்கள் உள்ள இடம் வெளுக்கும். திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் செவிலியர்கள் இப்படிச் சோதித்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் அளித்ததில் கர்ப்பப்பை வாய்ப் புற்று மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது.

முப்பதைத் தாண்டிய பெண்களே, வலி எதுவும் இல்லாதபோதே போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் 1, 2, 3 எது இருந்தாலும் மருத்துவர் சொன்ன தேதியில் மறுபடி போய்விடுங்கள்.