தேக்காவில் ஒரு மேய்ச்சல் நிலம்

சிங்கப்பூர் தேக்காவின் பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தாமஸ் கெய்ன்ஸ்பரோவின் ஓவியம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1750 வாக்கில் அவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய 'திரு, திருமதி ஆண்ட்ரூஸ்'. லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. இடப்பக்கம் ஓக் மரத்தடியில் நிலக்காரத் தம்பதி. வலப்பக்கம் அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகள், தூரத்தில் ஆடுகள். அறுத்தவர், மேய்த்தவர் ஒருவர்கூட இல்லை. எவ்வளவு அழகான ஓவியம்! ஆனாலும் அந்த வெறுமை என்னை உறுத்துகிறது.

நம் தேக்காவும் ஒரு காலத்தில் மேய்ச்சல் நிலம்தான். ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் இருந்ததால் 19ஆம் நூற்றாண்டில் இங்கே மாட்டு வணிகம் செழித்தது. மாட்டு வணிகர் பெலிலியோஸின் பெயர் இங்கே ஒரு சாலைக்கு இருக்கிறது. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை, கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். அந்தப் பெயர் கொண்ட மருத்துவமனையில்தான் நம்மில் எத்தனையோ பேர் பிறந்தோம்.

மாடு மேய்த்து, பால் கறந்து, வீடு வீடாக ஊற்றிய நம்மவர்களை எந்த ஓவியர் தீட்டினார்? உங்கள் தாத்தா பாட்டி இங்கே மாடு வைத்திருந்தார்களா? பழைய புகைப்படம் ஒன்று வீட்டில் இருந்தால், தயவுசெய்து பகிருங்கள்.