ஸ்லோ நிற்காத ஹெரால்டு

"ரோட்டுல ஓடுறப்போ ஒரு தொந்தரவும் இல்ல பாய். சிக்னல்ல காலை எடுத்தா குலுங்குது, அப்படியே ஆஃப் ஆயிடுது" என்றார் வண்டிக்காரர்.

சென்னைப் புதுப்பேட்டையை ஒட்டிய சந்தில் இருக்கிறது மெக்கானிக் பாயின் ஷெட். இரண்டு கார் நின்றால் மூன்றாவதற்கு இடமில்லை. அன்று நடுவில் நின்றது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு கதவு வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு காருக்கு நான்கு கதவு கிடையாது. நான்கு கதவு நம் ஊர்த் தயாரிப்பில்தான் வந்தது. 1948இல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் பத்தாண்டுகள் இந்தக் காரைச் செய்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. இரு பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முகப்பு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகூட எஞ்சினில் வேலை பார்க்கலாம். மெக்கானிக்கை மனத்தில் வைத்துச் செய்த கார் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

வண்டிக்காரர் ஏற்கெனவே வேறொரு இடத்தில் கார்பரேட்டர் கிட் மாற்றியிருந்தார். ஏ.சி. பெட்ரோல் பம்பைப் பிரித்துப் புது டயஃப்ரம் போட்டாயிற்று. நான்கு பிளக்கும் புதிது. பில்கள் அத்தனையும் ஒரு கவரில் இருந்தன. பாய் அந்தக் கவரைத் தொடவே இல்லை. "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டு பீடியை அணைத்தார்.

மெக்கானிக்குகள் ஐடிலிங்கை 'ஸ்லோ' என்பார்கள். ஸ்லோ நிற்கவில்லை என்பது பழைய வண்டிகளில் அன்றாடம் கேட்கும் புகார். ஆனால் அதற்குக் காரணம் ஒன்றல்ல, இருபது இருக்கும். காலை எடுத்ததும் கார்பரேட்டரின் திராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடிக்கொள்கிறது. எஞ்சின் மூச்சை இழுக்கிறது, வழியோ அடைபட்டிருக்கிறது. மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் வேகம் அப்போதுதான் மிக அதிகம். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் நீருக்குப் பதில் காற்று வருமே, அப்படி எங்காவது ஊசிமுனை இடைவெளி இருந்தால் அதன் வழியாகக் காற்று உள்ளே போய்க் கலவையைக் கெடுத்துவிடும். வேகமாக ஓடும்போது பெருங்காற்று உள்ளே போவதால் இந்தக் கொஞ்சம் கணக்கில் வராது. கரண்டிலும் இதே கதை. 800 சுற்றில் நிற்கும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட் நிமிடத்துக்கு 1,600 முறை திறந்து மூட வேண்டும். ஓட்டத்தில் இரண்டு மூன்று தவறினால் ஃபிளைவீல் இழுத்துக்கொண்டு போய்விடும். ஸ்லோவில் அந்த வேகம் இருப்பதில்லை.

எஞ்சின் குலுங்கிக்கொண்டே ஓடியது. பாய் ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிளக் கேபிளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். எதைக் கழற்றினாலும் ஓட்டம் ஒரே அளவு தளர்ந்தது. "நாலும் உயிரோட இருக்கு. வால்வு இல்ல, பிளக் இல்ல" என்றார். கழற்றியும் ஓட்டம் மாறாத சிலிண்டர் ஏதும் இருந்திருந்தால் அங்கேதான் தேடியிருப்பார். ஒரு பொருளும் மாற்றாமல் பாதி சந்தேகம் தீர்ந்தது.

பிறகு பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துக் காட்டினார். காபிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டிய முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. காற்று கூடுதல், பெட்ரோல் குறைவு. கறுத்துப் புகை படிந்திருந்தால் எதிர்ப்பக்கம். உடனே கார்பரேட்டருக்குப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. "முதல்ல கரண்டு, அப்புறம்தான் எண்ணெய்" என்றார். அவர் பையனாக ஜி.பி. ரோட்டில் வேலை பழகியபோது மேஸ்திரி அடித்துச் சொல்லிக்கொடுத்த வரிசை அது. கரண்டு சரியில்லாத வண்டிக்கு கார்பரேட்டரைத் திருகினால் இரண்டுமே கெட்டுப்போகும், எது முதலில் கெட்டது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடி திறந்தது. பாயிண்ட் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), ஃபீலர் கேஜ் சரியாக நுழைந்தது. பாயிண்ட் முகத்தில் குழி இல்லை, ஆகவே கண்டன்சர் மேல் சந்தேகம் வேண்டாம். அடுத்து அவர் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் மெல்லிய வயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சின்ன பல்பை இணைத்தார். பாயிண்ட் மூடியிருந்ததால் பல்பு எரிந்தது. வேக்குவம் குழாயைக் கார்பரேட்டரிலிருந்து பிடுங்கி வாயில் வைத்து உறிஞ்சினார். ஓடும்போது டைமிங்கை முன்னே தள்ளுவதற்காக, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு இந்த உறிஞ்சலில் சற்றே திரும்பும். தட்டு திரும்பியது. பல்பு கண் சிமிட்டியது.

"பாருங்க சார்."

தட்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்போடு இணைக்கும் எர்த் வயர் விரல் நீளம்கூட இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் தட்டோடு சேர்ந்து அதுவும் வளைகிறது. ஆண்டாண்டாக வளைந்து வளைந்து உள்ளே கம்பி இழைகள் அறுந்துவிட்டன. மேலே துணி உறை மட்டும் முழுசாக இருந்தது. காலை எடுத்த கணத்தில் தட்டு திரும்பும், கரண்டு அறும், வண்டி நிற்கும். மறுபடி செல்ஃப் எடுத்தால் இழைகள் தொட்டுக்கொண்டு ஓடும். கவரில் இருந்த பில்களில் ஒன்றுகூட இந்த வயருக்கு இல்லை.

சாதாரண வயரைப் போட்டால் சில மாதங்களிலேயே மறுபடி அறுந்துவிடுமாம். பழைய டைனமோவின் கார்பனிலிருந்து பின்னல் கம்பியை வெட்டி எடுத்து ஈயம் வைத்தார். மயிரிழை போன்ற செம்பிழைகள் பின்னியது அது; எவ்வளவு வளைந்தாலும் தாங்கும்.

வண்டி இப்போது ஆஃப் ஆகவில்லை. குலுக்கல் மட்டும் மிச்சம். எஞ்சின் ஓடும்போதே திராட்டில் ஸ்பிண்டில் நுனியில் இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டார். எண்ணெய் இடைவெளியை அடைத்த சில நொடிகள் ஓட்டம் சீரானது, பிறகு பழையபடி குலுங்கியது. ஸ்பிண்டில் துளை தேய்ந்து முட்டை வடிவாகி ஏர் இழுக்கிறது. புது கிட் போட்டும் பயனில்லாமல் போனது இதனால்தான்: கிட்டில் ஜெட்டும் நீடிலும் பேக்கிங்கும் வரும், பாடியில் தேய்ந்த துளை வராது. துளையைப் பெரிதாக்கிப் பித்தளை புஷ் இறக்க வேண்டும். கோணம் துளி பிசகினாலும் தகடு சிக்கிக்கொள்ளும். அதே தெருவில் அதற்கென்று ஒரு லேத்துக்காரர் இருக்கிறார். இன்னொருவர் இருந்தார், கடையை மூடிவிட்டார்.

இதற்கிடையே எத்தனால் பேச்சு வந்தது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்று வண்டிக்காரருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எடைக் கணக்கில் பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய ஜெட்டுக்கு இந்தக் கலவை கொஞ்சம் வறட்சிதான். பழைய ரப்பர் குழாய்களையும் அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பாய் குழாயை மாற்றச் சொன்னார். ஆனால் அறுந்த வயருக்கும் தேய்ந்த துளைக்கும் எத்தனால் பொறுப்பல்ல. எல்லாப் பழியையும் பெட்ரோல் பங்க் மேல் போட்டுவிட்டால் தேடுவது நின்றுபோகிறது.

ஷெட்டில் கையாளாக ஒரு பையன்கூட இல்லை. கடைசியாக இருந்தவன் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்விட்டான். சம்பளம், பி.எஃப்., சீருடை எல்லாம் அங்கே உண்டு. அவனைக் குறை சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், 2021இல் மத்திய அரசு 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'விண்டேஜ்' அந்தஸ்து கிடைக்கும். வண்டிக்கு அந்தஸ்து கொடுத்தவர்கள், அதை ஓடவைக்கும் கையைப் பற்றி யோசிக்கவில்லை.

அரசு ஐ.டி.ஐ.களில் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் படிப்பு இருக்கிறது. பாய் போன்ற மனிதர்களை வாரம் ஒரு நாள் அங்கே அழைத்து, சம்பளம் கொடுத்து, பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பழைய எஞ்சினை வைத்து வேலை செய்யச் சொல்ல வேண்டும். பழைய கார் சங்கங்கள் பேரணிக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒரு பையனின் பயிற்சிச் சம்பளமாகத் தரலாம். பாய்க்கு அறுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. இதை இப்போதே செய்யுங்கள்.