திட்டத்தில் இல்லாத வாசல்

பயணத்திற்குத் திட்டம் தேவை என்பதை எவரும் மறுப்பதில்லை. எனினும் விவிலியத்தில் வரும் பயணங்கள் பல, திட்டம் குலைந்த இடத்தில்தான் பொருள் பெறுகின்றன. கீழ்த்திசை ஞானிகள் வந்த வழியை விட்டு, வேறு வழியாக நாடு திரும்பினர். சமாரியர் ஒருவரின் பயணம், வழியோரத்தில் குற்றுயிராய்க் கிடந்தவனால் தடைப்பட்டது. தடைப்பட்ட அந்தப் பயணத்தைத்தான் ஆண்டவர் நமக்கு எடுத்துக்காட்டாக உரைத்தார்.

2024 செப்டம்பரில் ஒரு தம்பதியருடன் காரில் பிரான்சிலிருந்து இத்தாலி செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இருவரும் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். பாரிஸ் நகரின் புறத்தே நெடுங்காலமாக வாழ்பவர்கள். பணி ஓய்வுக்குப் பின் கணவர் மேற்கொண்ட முதல் விடுமுறைப் பயணம் அது. எந்த ஊரில் உண்பது, எங்கே உறங்குவது என அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். மாலைக்குள் தூரின் நகரை அடைவது. மறுநாள் காலை, புனித தொன் போஸ்கோ எழுப்பிய சகாய அன்னைப் பேராலயத்தில் வழிபடுவது. இதுவே திட்டம்.

ஒரு செய்தி மட்டும் அக்குறிப்பேட்டை எட்டவில்லை. மோன் பிளாங்க் மலையைக் குடைந்து செல்லும் 11.6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, சீரமைப்புப் பணிக்காக அம்மாதம் 2ஆம் நாளிலிருந்து மூடப்பட்டிருந்தது. டிசம்பரில்தான் மீண்டும் திறந்தார்கள். வேறு வழியின்றிச் சுவிட்சர்லாந்துக்குள் நுழைந்து, மார்த்தினி நகர் வழியாகப் பெரிய புனித பெர்னார்து கணவாயை நோக்கிச் சென்றோம். அங்கும் 1964இல் திறக்கப்பட்ட ஒரு சுரங்கம் உண்டு. அதன் வாயிலை நெருங்கியபோது வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றன. “மேல ஒரு பழைய ரோட்டுப் போகுதே” என்றார் அம்மையார். கணவர் ஒன்றும் பேசாமல் காரை மலைமேல் திருப்பினார்.

ஏறத்தாழ 2,470 மீட்டர் உயரத்தில், இத்தாலிய எல்லையை ஒட்டிய சிறு ஏரியின் அருகே, மூடுபனிக்குள் பெரியதொரு கற்கட்டடம் தெரிந்தது. ஆவோஸ்தாவில் தலைமைத் திருத்தொண்டராய் இருந்த புனித பெர்னார்து, 1050ஆம் ஆண்டளவில் வழிப்போக்கருக்காக நிறுவிய இல்லம் அது. மலையேறுவோரின் பாதுகாவலராக 1923இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அறிவித்தது இவரையே. புனித அகுஸ்தினாரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியர், நாய்களின் துணையோடு பனியில் புதைந்தோரை மீட்டனர். உயிர் தப்பாதவர்களின் உடல்களை அருகிலிருந்த சிறு கட்டடத்தில் வைத்திருந்தனர். என்றேனும் உறவினர் வந்து அடையாளம் காணக்கூடும் அல்லவா? சுரங்கம் வந்தபின் இம்மலையில் ஏறவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. குளிர்காலத்தில் சாலையும் மூடிவிடும். பனியில் நடந்தோ சறுக்கியோதான் வர இயலும். ஆயினும் இல்லம் ஆண்டு முழுவதும் திறந்தே இருக்கிறது.

பனி விலகாததால் அன்றிரவு அங்கேயே தங்கினோம். உணவு மேசைக்குச் சூடான சூப் வந்தது. கிண்ணத்தை இரு கைகளாலும் பற்றிக்கொண்ட கணவர் நெடுநேரம் அருந்தவில்லை. பிறகு தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார். 1985இல், ஈழத்து இளைஞர் பலரைப் போலவே அவரும் கிழக்கு பெர்லினில் வந்திறங்கி, மேற்கே வந்தவர். பிப்ரவரி இரவொன்றில் பிரான்சு எல்லையைக் கால்நடையாகக் கடந்தபோது, உடன் வந்தோரைப் பனியில் தவறவிட்டார். கண்ணில் பட்ட ஒரு பண்ணை வீட்டின் கதவைத் தட்டினார். முதியவர் இருவர் திறந்தனர். பொதுமொழி ஏதுமில்லை. உலர்ந்த காலுறை தந்தார்கள், சூப் தந்தார்கள், படுக்கை தந்தார்கள், விடிந்ததும் வழி காட்டினார்கள்.

“அவையின்ர பேர்கூட எனக்குத் தெரியாது, சுவாமி.”

முப்பத்து நான்கு ஆண்டு மணவாழ்வில் அம்மையார் கேட்டிராத செய்தி அது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். “பிச்சை எடுத்த கதையை எப்படிச் சொல்லுறது?” என்றார் கணவர். அம்மையார் எழுந்து, ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துச் சென்று, சூடான சூப்பை வாங்கி வந்து அவர்முன் வைத்தார்.

மறுநாள் காலைத் திருப்பலியில் அந்த முதியவர் இருவருக்காக மன்றாடினோம். திருப்பலிக் கருத்துக்குப் பெயர் கேட்டு எழுதிக்கொள்வது பங்குகளில் நம் வழக்கம். அன்று பெயர் தேவைப்படவில்லை.

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். அழைப்பிதழ் பெற்று வருபவர் விருந்தினர் அல்லர். எதிர்பாராமல் வந்து நிற்கும் புதியவரே விருந்தினர். அத்தகையோரை ஏற்பது கடினம். ஏற்கப்பட்டதை ஒப்புக்கொள்வது அதனினும் கடினம். கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லும் நாவு, பெற்றதைச் சொல்ல நாணுகிறது. எகிப்தில் அந்நியராய் இருந்ததை மறவாதீர் என மறைநூல் இஸ்ரயேல் மக்களுக்கு மீண்டும் மீண்டும் நினைவூட்டுவது எதனால்? மறந்தவன் தன் கதவைச் சாத்திக்கொள்வான் என்பதனால் அன்றோ!

நம் ஒவ்வொருவர் குடும்ப வரலாற்றிலும் யாரோ ஒருவர் திறந்த கதவு ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோமா?