பெட்டி வைத்த இடம்

அரபு மொழியிலே தங்கும் இடத்திற்குச் சொற்கள் பல உண்டு. இரவைக் கழிக்கும் இடம் ‘பைத்’. மனம் அமைதி கொள்ளும் இடம் ‘மஸ்கன்’. ஓதும் பிள்ளை பாய் விரிக்கும் சிற்றறைக்கு நம் மதரஸாக்களில் வழங்கி வந்த பெயரோ ‘ஹுஜ்ரா’. ஹா, ஜீம், ரா என்னும் மூன்றெழுத்து வேரிலிருந்து கிளைத்த சொல் இது. அவ்வேரின் பிற கிளைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். கல்லுக்கு ஹஜர். தடுத்தலுக்கு ஹஜ்ர். தாயின் மடிக்கு ஹிஜ்ர். அறிவுக்கும் ஹிஜ்ர் என்றொரு பெயருண்டு. தகாதவற்றினின்று மனிதனைத் தடுப்பதால் அப்பெயர் என்பர் மொழிநூலார். திருமறையின் 49ஆம் அத்தியாயமே ‘அல்ஹுஜுராத்’, அறைகள், என்னும் பெயர் பூண்டது. அறைக்கு வெளியே நின்று கூவி அழைக்கும் பண்பின்மையை அது கண்டிக்கிறது.

இதே வேரிலிருந்து ஃபிக்ஹு நூல்களில் இன்னொரு சொல் வருகிறது: ‘தஹ்ஜீர்’. யாருக்கும் உரிமையில்லாத தரிசு நிலத்தில் ஒருவர் நான்கு புறமும் கல் நட்டு எல்லை குறித்தால் அதற்குத் தஹ்ஜீர் என்று பெயர். கல் நட்டதனால் மட்டும் நிலம் அவருக்குச் சொந்தமாகி விடாது. ஆயினும் பிறரைவிட முந்திய உரிமை அவருக்கு உண்டு. மூன்றாண்டுகள் அதைத் திருத்தாமல் போட்டு வைத்தால் அந்த உரிமையும் போய்விடும் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. சொந்தமில்லாத இடத்தை நம்முடையதாக்கிக் கொள்வது பற்றி இதைவிடத் துல்லியமாகச் சொன்ன சட்டத்தை நான் கண்டதில்லை.

1986ஆம் ஆண்டு வேலூரில் ஓதச் சென்றபோது எங்கள் ஹுஜ்ராவில் ஆறு பேர். அறையின் அளவு பன்னிரண்டு அடிக்குப் பத்தடி. ஒரே ஒரு குண்டு பல்பு. சுவரில் இரண்டு மாடங்கள். நடுவே கட்டிய கொடிக் கயிறு. நாங்கள் நட்ட கற்கள் ஆறு தகரப் பெட்டிகளே. பெட்டி வைத்த இடம் அவரவர் நாடு. பாய் விரித்த அளவு அதன் எல்லை. முதல் நாள் எந்த மூலையில் பெட்டியை வைத்தோமோ, ஏழாண்டுகளும் அந்த மூலையை யாரும் கேட்டதில்லை.

இப்படிப் பங்கிட்ட பிறகு, ஒவ்வொரு மூலையும் ஒவ்வோர் ஊராக மாறிய விதத்தை இன்று நினைத்தாலும் இனிக்கிறது. கீழக்கரைப் பிள்ளையின் மூலையில் எப்போதும் தொதல் மணக்கும். காயல்பட்டினத்துக்காரர் தம் உம்மா அரபுத்தமிழில் எழுதும் கடிதங்களை ஒரு தகர டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார். எழுத்து அரபு, பேச்சு காயல் தமிழ். மலையாளத்துப் பிள்ளை ஒருவர் ஆணியில் குடை ஒன்றை மாட்டி வைத்திருந்தார். வேலூர் வெயிலை அறிந்தோர்க்கு அந்தக் குடையின் நிலை விளங்கும்! ஆண்டில் பாதி நாள் அது சிலந்திக்குத்தான் பயன்பட்டது. எடுத்து உள்ளே வைக்கச் சொன்னால், “ஊருக்குப் போகும்போது வேண்டுமே” என்பார். ஊரை நினைவூட்ட ஒரு பொருள் வேண்டியிருந்தது. அவருக்கு அது குடையாக அமைந்தது. நான் புதுக்கோட்டைச் சீமைக்காரன். எனக்குத் தந்தை ‘அத்தா’, காயலாருக்கு ‘வாப்பா’, மலையாளத்தாருக்கு ‘உப்பா’. தொழுகையில் நானும் இன்னும் இருவரும் ஹனஃபி, மற்ற மூவரும் ஷாஃபி. இரவு தக்ரார் முடிந்து விளக்கணைத்த பின் அந்தப் பன்னிரண்டடிக்குள் நடந்த வாதங்களில் நான் கற்றது, பகலில் ஜும்ராவில் கற்றதற்குக் குறைந்ததன்று.

இம்முறை நம் நாட்டில் பிறந்ததன்று. பக்தாதில் 1234இல் திறக்கப்பெற்ற முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவில் மாணவர்க்கு அறையோடு விளக்குக்கு எண்ணெயும், தாளும், எழுதுகோலும் அளிக்கப்பட்டன. மராக்கிஷில் 16ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டிய இப்னு யூஸுஃப் மதரஸாவில் சுமார் 130 சிற்றறைகள் உண்டு. கெய்ரோவின் அல்அஸ்ஹரிலோ மாணவர்கள் நாடுவாரியாக ‘ரிவாக்’ என்னும் கூடங்களில் தங்கினர். ஷாம் நாட்டவர்க்கு ஒன்று, மக்ரிபியர்க்கு ஒன்று, துருக்கியர்க்கு ஒன்று, ஜாவாக்காரர்க்கும் ஒன்று. அந்த முறையில் ஒரு குறை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஜாவாக்காரர் ஜாவாக்காரரோடு தங்கினால் குடை மாட்டும் மலையாளியை எங்கே காண்பது?

இப்போது என் மகளின் செய்திக்கு வருகிறேன். சென்னையில் முதுகலை படிக்கிறாள். விடுதியில் இடம் கிட்டவில்லை. திருவல்லிக்கேணியில் இரண்டாம் மாடியில் இரு படுக்கையறைகள் கொண்ட ஒரு வீட்டை நான்கு பெண்பிள்ளைகள் சேர்ந்து வாடகைக்கு எடுத்தார்கள். இவளும் மேலப்பாளையத்துப் பிள்ளை ஒருத்தியும் முஸ்லிம்கள். ஒருத்தி நாகர்கோவில் கிறிஸ்தவக் குடும்பம். இன்னொருத்தி திருநெல்வேலியில் கோவில் வீதியில் பிறந்தவள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகக் குறித்திருக்கிறது. வீட்டுக்காரர் ஆறு மாதம் கேட்டார். சட்டத்தை எடுத்துச் சொன்னால் வீடு கிடைக்காது என்று பிள்ளைகளே என்னை அடக்கி விட்டார்கள்.

அவர் விதித்த இரண்டாவது நிபந்தனை, சுவரில் ஓர் ஆணியும் அடிக்கலாகாது என்பது. மகள் தொலைபேசியில் மஸ்அலா கேட்டாள். “அத்தா, பக்கத்து வீட்டுச் சுவரில் கட்டையே பதிக்கலாம்னு ஹதீஸ் இருக்கே?” அண்டை வீட்டார் தம் சுவரில் மரம் பதிப்பதைத் தடுக்க வேண்டா என்னும் கருத்தில் அபூஹுரைரா (ரலி) வாயிலாக ஒரு நபிமொழி உண்டுதான். இமாம் அஹ்மத் அதைக் கட்டாயம் என்றார். மற்ற அறிஞர் பெரும்பாலோர் நற்பண்பு என்ற அளவில் கொண்டனர். ஆனால் அது அண்டை வீட்டாருக்கு. வாடகைக்கு இருப்பவர் பெறுவது வீட்டின் பயனை மட்டுமே, வீட்டையன்று. வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றேன். ஒட்டுக் கொக்கிகளும் சன்னல் கம்பிக்குக் கம்பி கட்டிய கயிறுமாக அவர்கள் சமாளித்துக் கொண்டார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். அறையில் மகளுக்குப் பாதி. அந்தப் பாதியைத் திரையிட்டுப் பிரித்திருந்தாள். திரை எது? அவள் தாயாரின் பழைய சுங்குடிப் புடவை. அதனுள்ளே ஒரு கட்டில், தரையில் முஸல்லா, மேசைமேல் சோதனைக் குறிப்பேடுகள், குடிக்கும் கோப்பையில் நட்ட ஒரு கொத்துக் கற்றாழை. திருநெல்வேலிப் பெண் உள்ளே வருமுன் அனுமதி கேட்கிறாள். புடவையைத் தட்ட முடியாதல்லவா? வாயாலேயே “டொக், டொக்” என்கிறாள். அவளுடைய பாதியில் சிறு விளக்கொன்றும் படமொன்றும் இருந்தன. நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, “உக்காருங்க மாமா” என்றதும் அவள்தான்.

குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. குளியலறை யாருக்கு எத்தனை மணிக்கு, சமையல் யாருக்கு எந்தக் கிழமை, கீழ்த்தட்டு யாருக்கு, மேல்தட்டு யாருக்கு என்று எழுதியிருந்தார்கள். ஃபிக்ஹில் இதற்கு ‘முஹாயஆ’ என்று பெயர். பிரிக்க முடியாத பொருளின் பயனைக் காலத்தாலோ இடத்தாலோ முறை வைத்துப் பங்கிடுவது. உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ச் சட்டத்தில் இதற்கெனத் தனிப்பகுதியே உண்டு. எங்கள் ஜும்ராவில் இந்தப் பாடத்திற்கு ஒரு வாரம் பிடித்தது. இப்பிள்ளைகள் ஒரு மாலைப் பொழுதில் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

உறவினர்கள் சொல்லாமல் விடுவார்களா? பெண்பிள்ளையைத் தனி வீட்டில் விடலாமா, பிற சமயத்தாரோடு ஒரே அடுப்பா என்றெல்லாம் கேட்டார்கள். சட்டி வேறு, அடுப்பு ஒன்று என்றேன். அவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்வது எனக்குக் கடினமாக இல்லை. என் துணைவியாரின் கேள்விக்குத்தான் விடை கிடைக்கவில்லை.

மகள் நாள்தோறும் மாலையில் பேசுவாள். ஓராண்டு காலமும் “ரூமுக்கு வந்துட்டேம்மா” என்பதே வழக்கம். ஒருநாள் “வீட்டுக்கு வந்துட்டேம்மா” என்றாள். பேசி முடித்ததும் துணைவியார் தொலைபேசியைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். இரவு உணவு எடுத்து வைக்கவில்லை. நான் ஆறுதலாக, பைத் என்ற சொல் இரவு தங்குதல் என்னும் வினையிலிருந்து வந்தது, ஆகவே இரவு தங்கும் இடத்தை வீடு என்பதில் பிழையில்லை, மனம் அமைதி கொள்ளும் மஸ்கன் நம் வீடுதான் என்று விளக்கினேன்.

“உங்க அரபியெல்லாம் இருக்கட்டும். அவ அங்கே அமைதியா இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னா?” என்றார்.

முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எந்த மாணவனும் என்னை இப்படி மடக்கியதில்லை. என் தாயார் நினைவுக்கு வந்தார். விடுமுறையில் ஊர் வந்து ஐந்தாம் நாளே நான் “ஹுஜ்ராவுக்குப் போக வேண்டும்” என்று பெட்டியைத் துடைக்கத் தொடங்குவேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முறுக்குக்கு மாவு பிசைவார். அந்த மௌனத்தில் என்ன இருந்தது என்று அன்று நான் கேட்டதில்லை, கேட்கும் வயதுமில்லை.

சென்ற மாதம் துணைவியார் தனியாகவே சென்னைக்குப் புறப்பட்டார். இரண்டு நாளென்று சொல்லிப் போனவர் ஆறு நாள் தங்கினார். சமையல் முறையில் செவ்வாயும் வியாழனும் அவர் பெயருக்கு எழுதப்பட்டனவாம். மே மாதத்தோடு படிப்பு முடிகிறது. நால்வரும் சேர்ந்து வாங்கிய பழைய குளிர்ப்பெட்டியை எப்படிப் பங்கிடுவது என்ற பேச்சும் அவர் முன்னிலையில் நடந்திருக்கிறது. ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவர்க்கு விலை கொடுக்கலாம் என்று நான் எழுதியனுப்பியிருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டு, அடுத்து வரும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதென்றே முடிவு செய்தார்களாம்.

ஏழாம் நாள் காலை பேருந்து நிலையத்திற்கு அழைக்கப் போனேன். கையில் பை ஒன்றுதான் இருந்தது. போகும்போது பத்தமடைப் பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துச் சென்றிருந்தார்.

“பாய் எங்கே?” என்றேன்.

“அவ கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவுல அளவாப் பொருந்துது. அங்கேயே போட்டுட்டு வந்தேன்” என்று சொல்லிவிட்டு, பையை என்னிடம் கொடுத்தார்.