தழும்பு

எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய டெலிவிஷன் வந்தது. கூடவே ஒரு டிஸ்க் பிளேயரும், இரண்டுக்கும் நடுவே நின்று தரகு பண்ணும் ரிஸீவரும் வந்தன. "பழைய படத்தையெல்லாம் இது புதுசாக்கிக் கொடுத்துடும் ஸார்" என்றார் கடைக்காரர். இந்த வித்தைக்கு அப்கன்வர்ஷன் என்று பெயர்.

பழைய படம் என்றதும் எனக்கு நினைவு வந்தது ஒன்றுதான்: 1996-ல் நடந்த அக்காவின் கல்யாணம். வீடியோ காஸெட்டில் எடுத்து, பிற்பாடு டி.வி.டி.யில் ஏற்றி வைத்திருந்தோம். 2003-ல் காலமான அப்பா நடமாடுவது அதில் மட்டும்தான்.

அம்மாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கன்னிகாதானத்துக்காக அப்பா குனிந்தார். முகம் பளிங்கு மாதிரி இருந்தது.

"யாருடா இது?" என்றாள் அம்மா.

"அப்பாம்மா."

"அவர் மூஞ்சியிலே அம்மைத் தழும்பு எங்கேடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டி.வி.டி. படம் ஒன்றில் இருப்பவை 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். புதுத் திரையோ 3840-க்கு 2160. பழைய காலத்துக் குறுகிய படத்துக்காக இரு ஓரங்களையும் இருட்டாக விட்டால்கூட, 62,20,800 புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். சரியாகப் பதினைந்து மடங்கு! ஒன்றுதான் தட்டில் இருப்பது. மற்றப் பதினாலும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து யந்திரம் ஊகிப்பவை.

ஆனால் தழும்பு போனது அதனால் அல்ல. காஸெட் படத்தில் பொடிப் பொடியாக ஏதோ ஆடிக்கொண்டே இருக்கும். அதைத் துடைக்கவும் யந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பொட்டு எதைக் கண்டாலும் அழுக்கென்று துடைத்துவிடுகிறது. போதாக்குறைக்குப் பிளேயர், ரிஸீவர், டெலிவிஷன் மூன்றுக்குமே இந்த வேலை தெரியும். ஒரே குழம்புக்கு மூன்று பேர் உப்புப் போட்ட கதைதான்.

யந்திரத்தின்மேல் கோபம் வந்தது. கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை உண்டா என்ற சந்தேகமும் வந்தது. அப்பாவை வைத்து நான் மூன்று கதைகள் எழுதியிருக்கிறேன். அவருடைய முன்கோபத்தையும் கைமாற்றுக் கடன்களையும் துடைத்துவிட்டுத்தான் எழுதினேன். உருகிப்போய்க் கடிதம் எழுதிய வாசகர்கள் உண்டு. அம்மா மட்டும் படித்துவிட்டு ஒன்றும் சொன்னதில்லை.

மறுநாள், துடைக்கும் வேலையை மூன்றிலும் நிறுத்தினேன். பெரிதாக்கும் பொறுப்பைப் பிளேயரிடம் மட்டும் விட்டேன். படம் கொஞ்சம் மங்கிற்று. பொடி மறுபடி ஆடிற்று. அதற்கு நடுவே அப்பாவின் கன்னத்தில் தழும்புகள் தெரிந்தன.

"இப்பச் சரி" என்றாள் அம்மா. சற்றுப் பொறுத்து, "முகூர்த்தத்துக்கு முன்னாலே சமையற்காரரோடே சண்டை போட்டாரே, அது இதிலே இருக்கோ?" என்று கேட்டாள்.

இருந்தது. அதையும் பார்த்தோம்.