செம்பவாங்கில் ஒரு தகரப் பெட்டி

சிங்கப்பூருக்குப் போகிற நம்மவர்கள் தேக்காவில் சாமான் வாங்கி, வீரமாகாளியம்மனைக் கும்பிட்டு, சிராங்கூன் சாலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம். செம்பவாங் பக்கம் எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? ஜொகூர் பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸில் ரயில் ஏறினால் இரண்டாவது நிலையம்தான்.

கான்பெரா, ஒட்டாவா, டர்பன், ஜிப்ரால்டர் என்று அங்கே சாலைப் பெயர்கள் உலகத்தையே சுற்றி வரும். எல்லாம் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் விட்டுச் சென்றவை. 1938 பிப்ரவரி 14இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் கப்பல் பழுதுபார்க்கும் பெரிய துறை அங்கே திறக்கப்பட்டது. 1968இல் அது சிங்கப்பூர் அரசாங்கத்திடம் பேருக்கு ஒரே ஒரு வெள்ளிக்குக் கைமாறியது. கப்பலுக்குச் சாயம் அடித்த என் பெரியப்பா, “அந்த ஒரு வெள்ளியில் நானும் சேர்த்தி” என்பார்.

சென்ற பள்ளி விடுமுறையில் அவரைப் பார்க்கப் போனேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. “வாங்க வாத்தியாரே” என்று கேலியாக வரவேற்றவர், கட்டிலுக்கடியில் இருந்த பிஸ்கட் தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார். உள்ளே ஒரு சின்ன ஏடு. வாலிபத்தில் அவர் வாங்கிச் சேர்த்த விளையாட்டு வீரர்களின் கையெழுத்துகள்!

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பேருந்து பிடித்து, தேக்காவுக்கு அருகில் இருந்த ஃபேரர் பார்க் திடலுக்குப் போய்விடுவாராம். அங்கேதான் கனகசபை குணாளன் ஓட்டப் பயிற்சி செய்தார். அவரும் பள்ளி ஆசிரியர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் அவருக்கு. தங்கம் யாருக்கு? நம் மலேசியாவின் டாக்டர் மாணிக்கவாசகம் ஜெகதீசனுக்கு! பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு தமிழர், அந்தப் பக்கம் ஒரு தமிழர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார் குணாளன். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் நின்றது. அதே மெக்சிகோவில் ஜெகதீசன் 200 மீட்டரில் ஓடிய 20.92 விநாடியை முறியடிக்க மலேசியாவுக்கு 2017 வரை ஆனது.

பெரியப்பாவின் ஏட்டில் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கிறார்கள்.

இங்கேதான் வில்லங்கம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, பக்கங்களைத் தனித்தனியாக வெட்டி விற்கலாமென்று நினைக்கிறான். மருந்துச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழம்பொருள் வாங்கும் ஒரு பெரியவரிடம் இருவரும் ஏட்டைக் கொண்டுபோனோம். 2017 ஜூலையில் மூடப்படும்வரை சுங்கை ரோடு சந்தையில் கடை விரித்தவர் அவர்.

பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். “முதலில், வெட்டாதீர்கள்” என்றார். முழு ஏடாக இருந்தால்தான் ஒரே ஆள், ஒரே காலத்தில் சேர்த்தது என்பது தெரியுமாம். உதிரித் தாளை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொண்டுவரலாம். ரப்பர் முத்திரைக் கையெழுத்து உண்டு. முழு அணிக்கும் ஒருவரே போட்டுக் கொடுத்த கையெழுத்தும் உண்டு. குணாளன் பக்கத்தில் தேதியும், ஒட்டாமல் செருகிய பத்திரிகைத் துண்டும் இருந்தன. “இது நல்லது.” ஜெகதீசன் பக்கத்தைத் திருப்பினார். தேதி இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை. “இதற்கு என்ன சாட்சி?”

பெரியப்பாவின் வாய்ச்சொல்தான் சாட்சி!

ஒட்டாமல் செருகிய துண்டைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. வெள்ளைக்கார மாலுமிகள் விட்டுப்போன காற்பந்து அட்டைகளைச் சிறு வயதில் பெரியப்பா எனக்குக் கொடுத்திருந்தார். அத்தனையையும் சோற்றுப் பசையால் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைத்த புத்திசாலி நான். பின்பக்கம் பசை பட்டால், முனை மடங்கினால் மதிப்புப் போயிற்று. 1952இல் அமெரிக்காவில் அச்சான மிக்கி மேண்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று, 2022இல் 1 கோடியே 26 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது. முனை மழுங்காமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம். விற்காத பெட்டிகளை 1960இல் அந்தக் கம்பெனியே அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகச் சொல்வார்கள். மிச்சமிருந்தவற்றுக்கு விலை ஏறாமல் என்ன செய்யும்?

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். “அதுக்கென்ன, நான் சொல்றேன், நீ எழுது” என்றார். எந்தத் திடல், யாருடன் போனார், பேனாவை யாரிடம் இரவல் வாங்கினார் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். தேதி போட்டேன். கீழே அவர் கையெழுத்திட வேண்டும்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தார். “இத்தனை பேர்கிட்ட வாங்கியிருக்கேன். என்கிட்ட யாரும் கேட்டதில்லடா” என்றார். பிறகு நடுங்கும் கையால், தமிழில், முழுப் பெயரையும் எழுதினார்.

அண்ணன் அந்தத் தாளை மடிக்காமல் ஏட்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தான். விற்பானா, மாட்டானா என்று நான் கேட்கவில்லை. பாலத்தில் கூட்டம் சேருமுன் நான் கிளம்ப வேண்டியிருந்தது.