பால்காரர் வீட்டில் ஒரு வீகன் ஃப்ரைட் ரைஸ்

வீகன் என்று சொன்னவுடன் நம்மூரில் வரும் முதல் கேள்வி, "ஓ, சைவமா?" என்பதுதான். சைவத்துக்கும் மேலே ஒரு படி என்று வைத்துக்கொள்ளுங்கள். கறி, மீன், முட்டை மட்டுமில்லை. பால், தயிர், மோர், நெய், தேன் எதுவும் கிடையாது. 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தபோது பிறந்த சொல் இது. நம் நாட்டில் உணவுப் பாக்கெட்டின் மேலிருக்கும் பச்சைப் புள்ளி, பாலையும் நெய்யையும் சைவத்தில்தான் சேர்க்கும். வீகன் உணவுக்கென்று தனி விதிமுறைகள் வந்ததே 2022-ல்தான்.

இதெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பால் ஊற்றிப் பிழைக்கிற வீட்டில் பிறந்த பெண் வீகனாக மாறினால்?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் மூன்று மாடுகள். காலை, மாலை இரண்டு வேளையும் கறந்து சொசைட்டிக்கு ஊற்ற வேண்டும். அங்கே கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப். எவ்வளவு என்று பார்த்துத்தான் பணம் போடுவார்கள். அந்தப் பணத்தில்தான் அவள் கோவையில் கல்லூரிப் படிப்பு படிக்கிறாள். இரண்டாம் வருட விடுமுறைக்கு வந்தவள், அம்மா நீட்டிய காப்பியை வாங்கவில்லை.

"ஏங்கண்ணு, ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா. பால் குடிக்கறத விட்டுட்டேன்."

அம்மா ஒன்றும் சொல்லாமல் டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விட்டார். ராத்திரி தயிர் வேண்டாமென்று ரசத்தோடு அவள் எழுந்தபோதுதான் வாய் திறந்தார்.

"அந்தப் பாலுலதான் கண்ணு உன்ற ஃபீஸ் கட்டுனோம்."

இதற்கு அவளிடம் பதில் இல்லை. காரணம் மட்டும் இருந்தது. அவள் ஆறாவது படிக்கும்போது ஒரு காளைக்கன்று பிறந்தது. காளைக்கன்று பால் தராது. உழவுக்கு டிராக்டர் வந்தாயிற்று. தீவனம் போட்டு வளர்த்தால் கட்டுப்படியாகாது. ஒரு நாள் வண்டி வந்து ஏற்றிப் போனது. தாய்மாடு இரண்டு ராத்திரி கத்திக்கொண்டே இருந்தது. அப்பா மேல் தப்பு சொல்ல முடியுமா? முடியாது. அந்தச் சத்தத்தை மறக்கவும் அவளால் முடியவில்லை.

பேசினால் சண்டையில்தான் முடியும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் மறுநாள் சாயங்காலம், "நாளைக்கு மத்தியானம் நான் சமைக்கறேன்" என்றாள். ஃப்ரைட் ரைஸ். காரணத்தோடுதான் அதைத் தேர்ந்தெடுத்தாள். தயிர்சாதத்தில் தயிரை எடுத்துவிட்டால் வெறும் சாதம்தான் மிஞ்சும். ஃப்ரைட் ரைஸில் பாலுக்கு இடமே இல்லை. எடுத்துவிட்டோம் என்கிற குறையும் தெரியாது. கடையில் வாங்கலாமே என்றால், தள்ளுவண்டியில் வெஜ் ஃப்ரைட் ரைஸ் கேட்டாலும் முட்டை வறுத்த அதே சட்டி, அதே கரண்டிதான். சிப்பியில் செய்கிற ஆய்ஸ்டர் சாஸும் சில கடைகளில் சேரும். வீட்டில் செய்தால் உள்ளே என்ன போகிறது என்று தெரியும்.

நல்ல ஃப்ரைட் ரைஸுக்கு வேலை முதல் நாள் ராத்திரியே தொடங்குகிறது. பாஸ்மதிதான் வேண்டும் என்றில்லை. 2 டம்ளர் பச்சரிசியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து, குழைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வடித்தாள். தாம்பாளத்தில் பரப்பி, ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

"சோத்துல தண்ணி ஊத்தாம வெக்கறதா?" அம்மாவுக்கு ஆச்சரியம். அந்த வீட்டில் மிஞ்சிய சோறு என்றால் பழையசோறுதான்.

சோறு குளிரும்போது அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகும். பருக்கை பருக்கையாக உதிரும், வதக்கும்போது ஒட்டாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்துவிட்டு மறுநாள் வறுக்கக் கூடாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் பெருகி அது உண்டாக்கும் நஞ்சு, வறுத்தாலும் போகாது. ஆறியவுடன் ஃப்ரிட்ஜ், மறுநாளே காலி. அதுதான் கணக்கு.

மறுநாள் கேரட், பீன்ஸ், முட்டைகோஸ், குடைமிளகாய் எல்லாவற்றையும் ஒரே அளவாகப் பொடியாக நறுக்கினாள். இரும்புச் சட்டியில் கடலெண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் முதலில் பூண்டு, பிறகு கேரட், பீன்ஸ். அவை பாதி வெந்ததும் கோஸ், குடைமிளகாய். அடுப்பு முழுத் தீயில். தீ குறைந்தால் காய் தண்ணீர் விட்டுப் பொரியல் ஆகிவிடும். கடை அடுப்பின் வேகம் வீட்டு கேஸுக்குக் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டாமல் இரண்டு தடவையாகச் செய்தாள். சோறு, மிளகுத்தூள், சட்டியின் ஓரமாக ஒரு ஸ்பூன் சோயா சாஸ். கடைசியில் வெங்காயத்தாளும், வறுத்து வைத்த ஒரு பிடி நிலக்கடலையும்.

அப்பா இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார். அம்மா மெதுவாக மென்று, "உப்புதான் கொஞ்சம் தூக்கல்" என்றார். சரிதான். சோயா சாஸிலேயே உப்பு இருப்பதை மறந்து அவள் தனியாக வேறு போட்டிருந்தாள்.

"சரி, சத்துக்கு என்ன பண்ணுவ?"

"பருப்பு, கடலை, கீரை, எள்ளு சாப்பிடறேன். பி12 மட்டும் செடிகொடியில கெடைக்காது. அதுக்கு மாத்திரை போட்டுக்கறேன்."

அம்மா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "மாட்டையெல்லாம் வித்துப்போடச் சொல்லுவியா?" என்றார். கேட்க நினைத்தது இதைத்தான் போலிருக்கிறது.

"இல்லீங்கம்மா."

"வித்தா நீ எப்படிப் படிப்ப?"

அதற்கும் அவளிடம் பதில் இல்லை. அவள் தட்டில் பால் இல்லை. அவள் புத்தகப் பையில் பால் பணம் இருக்கிறது. ஒரு தட்டு ஃப்ரைட் ரைஸ் இந்தக் கணக்கைத் தீர்த்துவிடாது. வேலைக்குப் போன பிறகாவது தீருமா என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாளாகப் பேசாத வீடு மறுபடி பேச ஆரம்பித்திருந்தது.

அடுத்த நாள் விடிகாலையில், பள்ளிக்கூட நாட்களில் செய்தது போலவே, பால் கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளே சொசைட்டிக்குப் போய் ஊற்றிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது திண்ணையில் இரண்டு டம்ளர்கள் இருந்தன. ஒன்றில் அம்மாவின் பால் காப்பி. இன்னொன்றில் கருப்பட்டி போட்ட வரக்காப்பி.